சோளத்தட்டு அறுக்க ஆள் பிடித்த கதை: இரண்டு வருடக் கணக்கு

தை அமாவாசைக்கு முந்தின நாள் கடைசி லோடு தட்டை, அதாவது மாட்டுத் தீவனத்துக்குக் காயவைத்த சோளத்தண்டை, ஏற்றி அனுப்பிவிட்டேன். மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

மூலனூர்ப் பக்கம் நாலரை ஏக்கர் காடு வாங்கி இது இரண்டாவது வெள்ளாமை. எங்கள் ஊர்ப் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மழையை நம்பி விதைக்கும் மேட்டுப் பூமி. இதில் ஒரு ஏக்கர் பத்து சென்ட் கொறங்காடு, அதாவது கொழுக்கட்டைப் புல்லும் நாலைந்து வெள்வேல மரமும். மீதி மூன்று ஏக்கர் நாற்பது சென்ட் சோளக்காடு. எனக்கு வேலை கோயம்புத்தூரில், வாரத்தில் ஒருநாள்தான் போக முடியும், வீட்டில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. நிலத்தைச் சும்மா போட்டால் சீமைக்கருவேலம் ஏறிவிடும், அதனால் சோளம் விதைத்து, யாராவது தட்டை அறுத்துக் காயவைத்துக் கட்டிக் கொண்டுபோனால் போதும், அடுத்த உழவுக்குக் காசு வந்தால் சரி என்றுதான் நினைத்தேன். நினைக்கும்போது எல்லாம் லேசாகத்தான் இருந்தது.

முதல் வருடம் நான் ஐப்பசியில் கிரயம் செய்தபோதே பழைய சொந்தக்காரர் விதைத்த சோளம் முழங்கால் உயரம் நின்றது. பயிரோடு சேர்த்தே பேசி வாங்கியாயிற்று. பக்கத்துக் காட்டு மாமாவுக்கு ஆறு மாடு, நாற்பது செம்மறி. "பாதிக்குப் பாதி அறுத்துக்கறேனுங்க தம்பி, நீங்க எதுக்கு அலையறீங்க" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டீ குடித்தோம், பேச்சு முடிந்தது. எப்போது அறுப்பது, எந்தப் பாதியை முதலில் அறுப்பது, காய்ந்ததைப் பிரிப்பதா, நிற்கிற பயிரைப் பிரிப்பதா, காய்ந்த தட்டைப் போராக யார் காட்டில் அடுக்குவது, ஒன்றுமே பேசவில்லை.

மாமா தன் காட்டுத் தட்டை முடித்துவிட்டுத்தான் என் காட்டுக்கு வந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் மார்கழி நடுவில் அறுக்க வேண்டியது தைக்குப் போனது. அதற்குள் கதிர் முற்றி, குருவி தின்று, அடி இலையெல்லாம் கொட்டி, தட்டு விறகுக் குச்சி மாதிரி ஆகியிருந்தது. முதலில் அறுத்த மேற்குப் பாதி நன்றாகக் காய்ந்தது, அதை அவர் தன் பங்காகக் கட்டிப் போர் போட்டார். கிழக்குப் பாதி அறுத்துத் தரையில் கிடந்தபோது இரண்டு நாள் மழை. அது என் பங்கு. திருப்பிப்போட ஆளில்லை, நான் அந்த வாரம் ஊருக்கே வரவில்லை. மொத்தம் 210 கட்டு, கறுத்து, பூசணம் பிடித்த வாசனையோடு. மாட்டுக்குப் போட யாரும் வாங்கவில்லை, தென்னைக்கு மூடாக்குப் போட ஒருவர் கட்டு 15 ரூபாய்க்கு எடுத்தார். 3,150 ரூபாய்.

அதோடு முடியவில்லை. அந்த மழையில் அறுத்த கட்டையிலிருந்து மறுதழைவு வந்துவிட்டது. கணுக்கால் உயரத்தில் பச்சைப்பசேல் என்று இருந்ததைப் பார்த்து மாமாவின் ஆடுகள் உள்ளே இறங்கின. இரண்டு ஆடு கிறுகிறுத்து விழுந்து, கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டு ஒன்று பிழைத்தது, ஒன்று போய்விட்டது. இளஞ்சோளத்திலும் மறுதழைவிலும் விஷம் இருக்கும் என்பது மாமாவுக்குத் தெரியாததில்லை, மேய்த்துக்கொண்டிருந்த பையனுக்குத் தெரியவில்லை. நான் அறுத்த கையோடு ஒரு ஓட்டு உழுதிருந்தால் அது முளைத்தே இருக்காது. அதற்கப்புறம் இரண்டு மாதம் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் சங்கடம்.

சரி, இந்த வருடம்.

ஆவணியில் ஒரு முறை ஐந்து கலப்பை பூட்டி உழவு, புரட்டாசி மழைக்கு அப்புறம் ஒன்பது கலப்பை பூட்டி உழவு. டிராக்டர் ஏழு மணி நேரம், மணிக்கு 1,100 வீதம் 7,700. தீவனத்துக்கென்று விற்கும் செஞ்சோளம் ஏக்கருக்கு 25 கிலோ, மொத்தம் 85 கிலோ, கிலோ 60 வீதம் 5,100. அடர்த்தியாக விதைத்தால்தான் தட்டு பென்சில் மொத்தத்தில் மெலிசாக வரும், மாடு அடிவரைக்கும் தின்னும். இடைவெளி விட்டுக் கலக்க விதைத்தால் கரும்பு மாதிரி தடித்துவிடும், மாடு இலையை மட்டும் உருவிவிட்டுத் தண்டைத் தள்ளிவிடும். கையால் வீசி விதைக்க ஆள் 1,200. ஆக 14,000 ரூபாய் மண்ணில் போட்டாயிற்று.

விதைத்த அன்றே அறுப்புக்கு ஆள் பேசியிருக்க வேண்டும். நான் கார்த்திகைக் கடைசியில்தான் ஆரம்பித்தேன். மாமாவுக்கு முதுகுவலி, "இந்த வருசம் என்ற காட்டையே அறுக்க ஆளில்லீங்க" என்றார். அடுத்து மெஷின்தான் என்று முடிவு செய்து, தாராபுரம் பக்கத்திலிருந்து டிராக்டரில் கட்டரும், காய்ந்த தட்டை உருட்டிக் கட்டும் பேலரும் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்தேன். அறுப்பு மணிக்கு 1,400, காய்ந்தபின் உருளைக் கட்டு ஒன்றுக்கு 40. கேட்கச் சுகமாக இருந்தது. ஒருநாளில் அறுப்பு, பத்தாம் நாள் கட்டு, முடிந்தது.

காலையில் வந்தார். இரண்டு பக்கமும் வேலி நிற்கும் இட்டேரித் தடத்தில் தட்டுத்தடுமாறி வந்து, காட்டுக்குள் நுழையும் கடவில் நின்றுவிட்டார். என் கிரயப் பத்திரத்தில் "மாமூல் வண்டித்தடப் பாத்தியம்" என்று அழகாக எழுதியிருக்கிறது. அந்த மாமூல் வண்டி மாட்டுவண்டி! கடவு எட்டு அடி இரண்டு அங்குலம். டிராக்டர் மட்டும் நுழைந்துவிடும், பின்னால் ஒரு பக்கமாகத் தள்ளி இழுபடும் பேலர் நுழையாது. கடவை அகட்டலாமா என்று பார்த்தால் ஒரு பக்கம் நட்டுவைத்த கல்தூண், இன்னொரு பக்கம் கிளுவை வேலி, அது மாமாவோடு பொது வேலி. அந்த ஆள் இறங்கி உள்ளே நடந்து பார்த்தார். காலால் மண்ணைத் தள்ளி வெங்கச்சாங்கல் ஒன்றை எடுத்துக் காட்டி, "இந்தக் கல்லுல பிளேடு போட்டா எனக்கு என்னங்க மிச்சம், கடவு பத்தலைனாக்கூட வேற வழி பாக்கலாம், கல்லுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார். டீசல் செலவுக்கு 1,500 வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். கூப்பிடுவதற்கு முன்னால் நான் ஒரு டேப்பை எடுத்துக் கடவை அளந்திருந்தால் இந்தக் காசு மிச்சம்.

அந்த ரோஷத்தில் அடுத்த ஞாயிறு நானே இறங்கினேன். பிரஷ் கட்டர் நாள் வாடகை 500, எண்பது பல் வட்ட பிளேடு பூட்டி, பெட்ரோலில் ஆயில் கலந்து. மூன்று மணி நேரத்தில் இருபது சென்ட் அறுத்தேன், இரண்டரை லிட்டர் பெட்ரோல், 260 ரூபாய். அறுப்பு என்னவோ வேகம்தான். ஆனால் தட்டு நாலா பக்கமும் விழுந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தது. கையால் அறுக்கிறவர்கள் ஒரு பிடி அறுத்தால் அடியெல்லாம் ஒரு பக்கம், தலையெல்லாம் ஒரு பக்கம் என்று அரி போட்டுக்கொண்டே போவார்கள், அதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது என்பது குனிந்து பொறுக்கும்போதுதான் புரிந்தது. நெற்பயிருக்கு வைப்பது மாதிரி பிளேடுக்குப் பக்கத்தில் ஒரு தகடு வைத்தால் ஒரே பக்கமாகச் சாயும் என்றார்கள், ஆறடித் தட்டுக்கு அது வேலைக்கு ஆகுமா என்று நான் முயன்று பார்க்கவில்லை. இடுப்பு போய்விட்டது.

அப்புறம்தான் கொத்துக்காரம்மாவைப் பிடித்தேன். முருங்கைத் தோட்டத்துக்கும் பருத்திக்கும் ஆள் கூட்டிப்போகிறவர், எட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள் கொண்ட கொத்து. பொங்கலுக்கு முன்னால் அவர்களுக்கே வேலை நெருக்கடி. மார்கழி 13, 14, 15 மூன்று நாள் ஒதுக்கித் தருகிறேன், அதற்கு மேல் முடியாது என்றார். அதுவே பெரிய விஷயம்.

கூலியை எப்படிப் பேசுவது என்று இரண்டு இரவு யோசித்தேன். நாள் கூலிக்கு விட்டால் நான் வரப்பில் நிற்க வேண்டும், நிற்க முடியாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் முடிப்பதில்தான் கண் இருக்கும், இலை உதிர்ந்தால் யாருக்கென்ன. கட்டுக் கணக்குப் பேசினால் நின்று பார்க்க வேண்டியதில்லை, எண்ணினால் போதும், ஆனால் கட்டு மெலிந்துகொண்டே போகும். ஆட்களின் குணம் கெட்டதால் வருவதில்லை அது. கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று நாமே சொல்லிவிட்டால் கை தானாகச் சின்னதாகத்தான் கட்டும். அதனால் கட்டுக் கணக்கே பேசி, ஒரு சணல் கயிற்றில் 36 அங்குலத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். கட்டின் இடுப்பில் சுற்றினால் முடிச்சு வரைக்கும் வர வேண்டும். அறுத்து, அரி போட்டு, ஒரு தடவை திருப்பிப்போட்டு, கட்டி, கடவு ஓரம் கொண்டுவந்து அடுக்க, கட்டுக்கு 20 ரூபாய். அவர் 22 கேட்டார், வேனுக்கு நான் தருகிறேன் என்றதும் 20க்கு ஒத்துக்கொண்டார். நான் பிரஷ் கட்டரில் அறுத்துப்போட்ட இருபது சென்ட்டைப் பார்த்துவிட்டு, "மெசினுல அறுத்ததை மெசினையே கட்டச் சொல்லுங்க" என்று சிரித்தார். கடைசியில் அதையும் நேராக்கிக் கட்டினார்கள், ஆனால் அரை நாள் அதற்கே போயிற்று.

இந்த முறை எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டோம். அடியில் மூன்று விரல் கட்டை விட்டு அறுக்க வேண்டும், மண்ணோடு சேர்த்துச் சுரண்டக் கூடாது. மழை வந்தால் திருப்பிப்போட ஒரு நாள் வர வேண்டும், அதற்குத் தனியாகக் கூலி உண்டு. கட்டுவது விடியற்காலையில் மட்டும். அறுத்தபின் நிற்கும் கட்டையில் மேய்ச்சல் யாருக்கும் கிடையாது, தட்டு வெளியே போன மறுநாள் உழவு. மாமாவிடமும் இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். "ஒரு ஆட்டக் குடுத்துப் படிச்ச பாடம்ங்க தம்பி, எனக்கு எதுக்குப் படிச்சுக் காட்டறீங்க" என்றார்.

80ஆம் நாள் பயிர். பூவெடுத்து, கதிரில் பால் பிடித்த பருவம். இதைவிட முன்னால் அறுத்தால் காய நாளாகும், பின்னால் போனால் போன வருடக் கதை. மூன்று நாளில் கருக்கரிவாளால் அறுப்பு முடிந்தது. நாலு நாள் நல்ல வெயில். ஐந்தாம் நாள் சாயங்காலம் தூறல். கொத்துக்காரம்மாவுக்கு போன் போட்டேன், மறுநாள் பத்து மணிக்கு ஆறு பேர் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார்கள். காகிதத்தில் எழுதியிருந்தபடி இதற்குத் தனிக்கூலி தரப் போனால், ஒப்பந்தத்தில் ஒரு தடவை திருப்பிப்போடுவது எப்படியும் இருக்கிறதே, அதுதான் இது என்று வாங்க மறுத்துவிட்டார். எழுதியதை என்னைவிட அவர்தான் சரியாகப் படித்திருக்கிறார்.

காய்ந்ததா என்று பார்க்க ஊரில் கணுவை ஒடித்துப் பார்ப்பார்கள். பட்டென்று ஒடிய வேண்டும், உள்ளே நெட்டி ஈரமாக இருக்கக் கூடாது. எனக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லாததால் உப்பு பாட்டில் முறை. வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு ஒரு கைப்பிடி, காய்ந்த ஜாம் பாட்டில், அங்குல நீளத்துக்கு நறுக்கிய தட்டு பாட்டிலில் பாதி. மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்து மறுபடி குலுக்கினால், உப்பு பொலபொலவென்று இருந்தால் கட்டலாம், கட்டி தட்டினால் இன்னும் ஈரம். எட்டாம் நாள் கட்டி தட்டியது. பத்தாம் நாள் மேலே கிடந்த தட்டில் சரியாக இருந்தது, அரிக்கு அடியிலிருந்து எடுத்ததில் லேசாக ஒட்டியது, இன்னும் ஒருநாள் விட்டோம். மதியத்தில் எடுத்த தட்டைத்தான் இப்படிச் சோதிக்க வேண்டும், காலையில் எடுத்தால் பனி ஈரமே உப்பை நனைத்துவிடும். அந்தத் தப்பையும் ஒரு தடவை செய்தேன்.

கட்டுவது மட்டும் காலைப் பனியில். ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு நிறுத்திவிட வேண்டும். பனியில் இலை பதமாக இருக்கும், உதிராது, தட்டையே முறுக்கிக் கட்டுப் போடவும் வளைந்து கொடுக்கும். ஒன்பது மணிக்கு மேல் தொட்டால் இலை அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, மாட்டுக்குப் பிடித்ததே அதுதான்.

முதல் காலையில் அறுபது எழுபது கட்டு ஆனபின் நானே ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. அளவுக் கயிறு சுற்றினால் முடிச்சு சரியாக வருகிறது. டேப் வைத்தால் 34½. சணல் பனியில் நனைந்து சுருங்கிவிட்டிருக்கிறது! கொத்துக்காரம்மா, "கவுறு குடுத்தது நீங்க" என்றார். சரிதான், கட்டியவரைக்கும் அப்படியே கணக்கு. அப்புறம் பழைய வேலிக் கம்பி ஒன்றை 36 அங்குலத்தில் வெட்டி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்துக் கொடுத்தேன், அது சுருங்கவும் இல்லை, நீளவும் இல்லை. இரண்டு காலையில் முடிந்தது.

மொத்தம் 846 கட்டு. 650 ரூபாய்க்கு வாங்கிய தொங்கு தராசில் அங்கங்கே பத்துக் கட்டு எடுத்து நிறுத்ததில் சராசரி 7.6 கிலோ. அப்படியானால் கிட்டத்தட்ட 6.4 டன், ஏக்கருக்கு இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. மானாவாரிக்கு இது மோசமில்லை என்றார்கள்.

600 கட்டை ஒரு பால் பண்ணைக்காரர் காட்டிலேயே வந்து கட்டு 55 வீதம் எடுத்துக்கொண்டார், 33,000. கடவு பத்தாததால் லாரியை இட்டேரி முனையில் நிறுத்தி டாடா ஏஸில் நடை அடித்தார்கள், அந்தச் செலவு அவருடையது. அதைச் சொல்லித்தான் 60 என்றிருந்ததை 55 ஆக்கினார், ஆகக் கடவு எனக்கு இன்னொரு 3,000 ரூபாய் வைத்துவிட்டது. நூறு கட்டு மாமாவுக்கு. காயும் நாட்களில் ராத்திரி மாடு இறங்காமல் பார்த்துக்கொண்டதற்கு என்று சொன்னேன், போன வருட ஆட்டுக்கும் சேர்த்து என்று அவரும் நினைத்திருப்பார், நானும்தான். மீதி 146 போரில்.

போர் போட இரண்டு ஆள், ஆளுக்கு 700. ஒரு அடி உயரத்துக்குக் கல் அடுக்கி, மேலே பனைமட்டை பரப்பி, அதன்மேல் போர். நேராகத் தரையில் போட்டால் கரையான் ஒரு மாதத்தில் கீழ் வரிசையை முடித்துவிடும். முதலில் நிழலாக இருக்கிறதே என்று வெள்வேல மரத்தடியைக் காட்டினேன், மேலே மின்கம்பி போகிறது, பொறி பறந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்த ஆட்களே தள்ளிப் போட்டார்கள். தார்ப்பாய் 2,400, மேலே மட்டும், பக்கம் மூடவில்லை, காற்று ஓட வேண்டும்.

செலவு: உழவும் விதையும் 14,000, கொத்துக்கு 16,920, வேன் ஐந்து நடை 2,000, பேலர்காரர் டீசல் 1,500, பிரஷ் கட்டர் பெட்ரோலோடு 760, தராசு 650, தார்ப்பாய் 2,400, போர் ஆள் 1,400. கூட்டினால் 39,630. கையில் வந்தது 33,000. அதாவது 6,630 ரூபாய் இன்னும் போரில்தான் இருக்கிறது. இன்றைய விலைக்கே விற்றால் 8,030 வரும். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைச் சமயத்தில் தட்டு விலை ஏறும், அதுவரை வைத்திருங்கள் என்கிறார் மாமா. கரையான் எத்தனை கட்டு சாப்பிடும் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த வருடம் விதைக்கும் அன்றே கொத்துக்காரம்மாவுக்கு முன்பணம் கொடுத்து நாள் வாங்கிவிடுவேன். கல் பொறுக்க மாசியில் நாலு ஆள் விட வேண்டும், பேலருக்காக இல்லாவிட்டாலும் அரிவாள் மழுங்காமல் இருக்கும். கடவைப் பன்னிரண்டு அடியாக அகட்டலாம் என்று மாமாவிடம் பேச்செடுத்தேன். கல்தூணைப் பிடுங்கி நகர்த்த ஜேசிபி ஒரு மணி நேரம் போதும், ஆனால் தூண் பக்கத்தில் இடம் இரண்டடிதான், மீதிக்குக் கிளுவையில் கை வைக்க வேண்டும். அவர் வேலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவருடைய அப்பா காலத்தில் நட்டது என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பங்குனியில் மறுபடி கேட்க வேண்டும்.

அளவுக் கம்பியைக் காணோம். கேட்டால், அடுத்த காட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறாராம் கொத்துக்காரம்மா.